ஒரே வீட்டுல ரெண்டு பேர், ரெண்டு பட்டாளம் – படையல் யாருக்கு, எந்த நாள்ல?

கேள்வி:

வணக்கம் ஐயா. நாங்க மௌல்மீன்ல இருக்கோம். எங்க தாத்தாவுக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி. 1942ல ஜப்பான்காரன் வந்தப்ப அண்ணன் எல்லையில இருக்கற டமு ஊர் வழியா நடந்தே இந்தியா போயிட்டாரு, அங்க இங்கிலீஷ் பட்டாளத்துல பாலம் போடற வேலையில சேர்ந்து அந்த பட்டாளத்தோடயே பர்மாவுக்கு திரும்பி வந்து இங்கயே செத்துட்டாருன்னு சொல்வாங்க. தம்பி இங்கயே தங்கி ரங்கூன்ல நேதாஜி படையில சேர்ந்தாரு, அவரும் வீடு திரும்பல. இவங்க தங்கச்சி, எங்க அத்தைப் பாட்டி, 91 வயசு, அவங்க ஒருத்தங்க மட்டும்தான் இப்ப இருக்காங்க. கண்ணை மூடறதுக்குள்ள ரெண்டு அண்ணனுக்கும் ஒரு இலை போடணும்னு கேக்கறாங்க. போன வருஷம் ரங்கூன் பக்கம் தௌக்கியான் போர் மயானத்துக்குப் போய் ஒவ்வொரு கல்லறையா பார்த்தோம், பெரிய தாத்தா பேர் இல்ல. சித்தப்பா வேற ஒரே சண்டை, "சின்னவர் நாட்டுக்காக செத்தவரு, பெரியவர் வெள்ளைக்காரன் சோத்துக்கு செத்தவரு, ரெண்டு படத்தையும் ஒண்ணா மாட்டக்கூடாது"ங்கறாரு. வீட்டுல ஒரு தகர டப்பாவுல நட்சத்திரம் மாதிரி ஒரு மெடல் இருக்கு, ரிப்பன் நடுவுல சிவப்பு, ரெண்டு ஓரமும் நீலம், நீலத்துக்குள்ள ஆரஞ்சு கோடு. பாட்டி ஒவ்வொரு பொங்கலுக்கும் அதை விளக்கி வைப்பாங்க. எங்க தேடறது, எந்த நாள்ல படைக்கறது, சித்தப்பாவுக்கு என்ன சொல்றது?

பதில்:

தங்கச்சி, முதல்ல அந்த மெடலை விளக்கறதை நிப்பாட்டச் சொல்லுங்க. புளி, சாம்பல், பிராசோ எதுவும் வேணாம். காரணத்தை கீழ சொல்றேன், ஆனா இதை படிச்சு முடிக்கறதுக்கு முன்னாடியே போய் சொல்லிட்டு வந்துடுங்க.

நீங்க சொல்ற ரிப்பன் பர்மா ஸ்டாரோடது, பர்மா சண்டையில இருந்தவங்களுக்கு பிரிட்டிஷ்காரன் கொடுத்த மெடல், அதுல சந்தேகமே இல்ல. இங்கிலாந்துக்காரங்களுக்கு கொடுத்த ஸ்டார் எல்லாம் வெறும் மெடல்தான், பேர் கிடையாது. ஆனா இந்தியப் பட்டாளத்துக்கு கொடுத்ததுல ஆளோட நம்பர், ரேங்க், பேர், யூனிட் இவ்வளவும் பின்பக்கம் சின்னச் சின்ன எழுத்துல பதிச்சு கொடுத்தாங்க. அதாவது உங்க பெரிய தாத்தாவோட முழு அட்ரஸும் எண்பது வருஷமா அந்த தகர டப்பாவுக்குள்ளயே இருக்கு, அதை பாட்டி பாசத்துல வருஷா வருஷம் புளி போட்டு கொஞ்சம் கொஞ்சமா தேச்சு எடுத்துட்டிருக்காங்க. நான் இருபது வருஷத்துக்கு மேல ரங்கூன்ல இந்த பழைய ரெக்கார்ட் தேடிக் கொடுக்கற வேலை பார்க்கறேன், இப்படி கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆன மெடல் எத்தனையோ பார்த்திருக்கேன், அப்புறம் கையைப் பிசையறதைத் தவிர வேற வழி இல்ல. பொங்கலுக்கு ஒரு தடவைன்னா உங்களுக்கு இன்னும் எழுத்து மிச்சம் இருக்கும்னு நம்பறேன்.

மெடலை திருப்பி ஒரு வெள்ளைத் துணி மேல வைங்க. ராத்திரி லைட்டை அணைச்சுட்டு ஃபோன் டார்ச்சை மேல இருந்து அடிக்காம, மெடலுக்குப் பக்கவாட்டுல தரையோட தரையா வச்சு அடிங்க, எழுத்தோட பள்ளத்துல நிழல் விழும், அப்ப படிக்கலாம். நாலு பக்கமும் டார்ச்சை மாத்தி மாத்தி நாலு ஃபோட்டோ எடுங்க. பேரை விட நம்பர்தான் முக்கியம், ஒரு நம்பர் விட்டாலும் ஆள் மாறிடும்.

இப்ப தௌக்கியான் விஷயத்துக்கு வரேன். நீங்க தேடினது தப்பான இடத்துல, ஆனா அது உங்க தப்பு இல்ல, நம்ம ஆளுங்க அங்க போற எல்லாருமே இதேதான் பண்றாங்க. உள்ள போனதும் புல்வெளியில வரிசை வரிசையா குட்டையான கல் பீடம், அது மேல வெண்கலத் தகடு, அதைப் பார்த்ததும் குனிஞ்சு ஒண்ணொண்ணா படிக்க ஆரம்பிச்சுடறோம். அதுல 6,374 பேர் இருக்காங்க, அதுல 867 பேர் யாருன்னே தெரியாதவங்க. அக்கியாப், மாண்டலே, மெய்க்தீலா, சாமோன்னு போய்வர கஷ்டமா இருந்த நாலு இடத்து மயானங்கள்ல இருந்த கல்லறைகளை இங்க சேர்க்கத்தான் 1951ல இந்த இடத்தை ஆரம்பிச்சாங்க. கல்லறைன்னா புதைச்சவங்களுக்குத்தானே தங்கச்சி? உங்க பெரிய தாத்தா இந்து. அவரை எடுத்து காரியம் பண்ண ஆள் இருந்திருந்தா எரிச்சிருப்பாங்க, இல்லாட்டி உடம்பே கிடைச்சிருக்காது. எரிச்சவங்களுக்கு அங்கயே தனியா ஒரு தகன நினைவுச்சின்னம் இருக்கு, அதுல ஆயிரம் பேருக்கு மேல. உடம்பு கிடைக்காதவங்க பேர்தான் நடுவுல நீளமா நிக்குதே அந்த தூண் மண்டபம், ரங்கூன் மெமோரியல்னு பேரு, அதோட தூண்கள்ல வெட்டியிருக்கறது. கிட்டத்தட்ட 27,000 பேர். நிழலுக்குன்னு அந்த தூண்ல சாய்ஞ்சு உட்கார்ந்து தண்ணி குடிச்சுட்டு, பேர் கிடைக்கலன்னு அழுதுகிட்டே வீட்டுக்குப் போன குடும்பம் எனக்குத் தெரியும், பேர் அவங்க முதுகுக்குப் பின்னாடி இருந்துச்சு, அடுத்த வருஷம் கூட்டிட்டுப் போய் காட்டினேன்.

நடு வட்டத்துல "சுதந்திர மனிதர் எல்லாருக்காகவும் இவங்க செத்தாங்க"ன்னு இங்கிலீஷ், பர்மீஸ், இந்தி, உருது, குருமுகியில வெட்டி வச்சிருக்காங்க, தமிழ் இல்ல. முதல் தடவை பார்த்தப்ப எனக்கு சுருக்குன்னுதான் இருந்துச்சு. ஆனா தூண்ல ஏறின பேரைப் படிச்சுகிட்டே போனா முனிசாமி, பெருமாள், அந்தோணி, சின்னப்பன்னு நம்ம ஊர் ரேஷன் கார்டு லிஸ்ட் மாதிரி வரும், அப்புறம் அந்த கோபம் கொஞ்சம் ஆறிடும்.

தூண்ல பேர் அகரவரிசையில மொத்தமா இருக்காது. ரெஜிமென்ட் வாரியா பிரிச்சு, அதுக்குள்ள ரேங்க் வாரியா, அதுக்கப்புறம்தான் பேர். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ஃபேஸ் நம்பர் உண்டு. அதனால வீட்டுலயே தேடி ஃபேஸ் நம்பரை எழுதிகிட்டு கிளம்பணும். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம்னு ஒண்ணு, 1917ல ஆரம்பிச்சது, அவங்க வெப்சைட்ல காசு இல்லாம தேடலாம். பாலம் போடற வேலைன்னு சொன்னீங்க, டமு வழியா நடந்து போய் மதராஸ் பக்கம் சேர்ந்தவருன்னா அது பெரும்பாலும் மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்தான், பட்டாளத்துக்கு பாலம், ரோடு போடற இன்ஜினியர் படை. 1944 டிசம்பர்ல கலேவாவுல சிந்த்வின் ஆத்து மேல 1,154 அடிக்கு பெய்லி பாலம், அதாவது இரும்புத் துண்டுகளை அங்கயே பூட்டி நிறுத்தற பாலம், போட்டாங்க, அன்னைக்கு உலகத்துலயே நீளமான பெய்லி பாலம் அதுதான், இந்த மாதிரி வேலைக்குத்தான் சாப்பர் கம்பெனிங்க பர்மா முழுக்க இருந்துச்சு. உங்க தாத்தா அதே பாலத்துல இருந்தாருன்னு நான் சொல்லல, அந்த மாதிரி வேலைன்னு சொல்றேன். மெடல் வேற யூனிட்டைக் காட்டினா மெடல் சொல்றதைத்தான் கேக்கணும்.

தேடும்போது பேரைப் போட்டுத் தேடாதீங்க. பட்டாளத்து கிளார்க் காதுல விழுந்தபடி இங்கிலீஷ்ல எழுதினது, முனுசாமி ஒரு இடத்துல முனிஸ்வாமி, ஒரு இடத்துல மூனசாமி. இந்தியன் ஆர்மி, அப்புறம் ரெஜிமென்ட், அப்புறம் நினைவுச்சின்னம், இந்த மூணையும் போட்டு வடிகட்டிட்டு வர்ற லிஸ்ட்ல அப்பா பேர், ஊர் பேரை வச்சுப் பாருங்க. பல பேருக்கு "இன்னாரோட மகன், இந்த ஊர், இந்த ஜில்லா"ன்னு ஒரு வரி இருக்கும், ஜில்லா பழைய பேர்ல இருக்கும், வட ஆற்காடு, ராம்நாடு, திரிச்சினாப்போலின்னு. தௌக்கியான்ல இல்லாட்டி விட்டுடாதீங்க, காயம்பட்டு இம்பால் பக்கம் ஆஸ்பத்திரியில செத்திருந்தா இம்பால் தகன நினைவுச்சின்னத்துல பேர் இருக்கும், அங்க 868 பேர். அதுலயும் இல்லன்னா டெல்லி – கராச்சி மெமோரியல் லிஸ்ட்டையும் ஒரு தடவை பார்த்துடுங்க. பக்கத்துல இருக்குன்னு தான்பியுசயாட்ல போய் தேடி அலைய வேணாம். அங்க இருக்கறது ஜப்பான்காரன் சயாம் ரயில் ரோடு போட வச்ச போர்க் கைதிங்க, 3,149 காமன்வெல்த் ஆளுங்க, 621 டச்சுக்காரங்க. அதே ரயில் ரோட்டுல மலாயாவுல இருந்து கொண்டு வந்து இறக்கின நம்ம தோட்டத்துத் தமிழ் ஜனங்க எத்தனை ஆயிரம் பேர் செத்தாங்கன்னு எண்ணக்கூட ஆளில்ல, அவங்க பட்டாளம் இல்லைன்னு சொல்லி அந்த மயானத்துல அவங்களுக்கு கல்லும் இல்ல பேரும் இல்ல. அதைப் பத்தி இன்னொரு நாள் எழுதணும்.

ஒரு எச்சரிக்கை, இது என் சொந்தக் கதை. இந்த வேலைக்கு வந்த புதுசுல ஒரு குடும்பத்துக்கு அவசரப்பட்டு ஒரு பேரை எடுத்துக் கொடுத்துட்டேன், பேர் சரி, ஜில்லா சரி, செத்த வருஷம் சரி. அவங்களும் சந்தோஷமா ஃப்ளெக்ஸ் அடிச்சு மாலை போட்டு ஊரைக் கூட்டி சோறு போட்டாங்க. ஆறு மாசம் கழிச்சு அப்பா பேர் ஒத்துப்போகலன்னு எனக்கே தெரிஞ்சுது, வேற யாரோ வீட்டுப் பிள்ளை. போய் சொன்னேன். அந்த வீட்டுப் பெரியம்மா கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "பரவாயில்ல விடுப்பா, அந்தப் பிள்ளைக்கும் யாராவது சோறு வைக்கணும்ல"ன்னாங்க. எனக்கு அன்னைக்கு பூமி பிளந்து உள்ள போயிடலாம் போல இருந்துச்சு. அதுல இருந்து நம்பரோ அப்பா பேரோ ஒத்துப்போகாம யாருக்கும் பேர் கொடுக்கறது இல்ல. நம்பர் கிடைச்சுட்டா பெங்களூர்ல மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் ரெக்கார்ட் ஆபீசுக்கு ஒரு லெட்டர் போடலாம், பழைய சிப்பாய்ங்க ஃபைல் லண்டன்ல இருக்கும்னு நினைச்சுகிட்டு காசு செலவு பண்ணாதீங்க, அங்க பெரும்பாலும் ஆபீசர்ங்க பேப்பர்தான்.

சின்ன தாத்தா விஷயம்தான் கஷ்டம். ஆணையத்தோட லிஸ்ட் காமன்வெல்த் படைக்கு மட்டும்தான், ஐ.என்.ஏ, அதாவது நேதாஜியோட இந்திய தேசியப் படை ஆளுங்க அதுல வர மாட்டாங்க. கல்லு ஜெயிச்சவன் கையிலதான் இருக்கும். சிங்கப்பூர்ல நேதாஜி 1945 ஜூலை 8ம் தேதி ஐ.என்.ஏ வீரர்களுக்கு நினைவுச்சின்னத்துக்கு அடிக்கல் வச்சாரு, கட்டியும் முடிச்சாங்க, பிரிட்டிஷ்காரன் திரும்பி வந்ததும் அதை வெடி வச்சுத் தகர்த்துட்டான், 1995லதான் அந்த இடத்துல ஒரு பலகை வந்துச்சு. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்துல ஐ.என்.ஏ ஃபைல் இருக்கு, 1997ல பாதுகாப்பு அமைச்சகத்துல இருந்து 990 ஃபைல் அங்க வந்துச்சு, அதுல தேடலாம். தமிழ்நாட்டுப் பக்கம் சொந்தம் யாராவது இருந்தா 1972க்கு அப்புறம் தியாகி பென்ஷனுக்கு எழுதிப் போட்டாங்களான்னு கேளுங்க, அந்த மனுவுல யூனிட், தேதி எல்லாம் எழுதியிருப்பாங்க. ஆனா ஒண்ணு, பிடிபட்டவங்களை உட்கார வச்சு விசாரிச்சு எழுதினதாலதான் பேப்பரே இருக்கு, வழியில காய்ச்சல்லயும் சீதபேதியிலயும் விழுந்தவனை யாரும் உட்கார வச்சு பேர் கேக்கல. அதனால ஒண்ணும் கிடைக்காமலே போகலாம், அதுக்கு மனசை இப்பவே தயார் பண்ணிக்குங்க.

அவர் இம்பால்லதான் செத்தாருன்னு நீங்களா முடிவு கட்டாதீங்க. இம்பால் சண்டை 1944 மார்ச்சுல இருந்து ஜூலை வரைக்கும், அதுக்கப்புறமும் 1945 பிப்ரவரியில ஐராவதி கரையில நியாங்கூ, போப்பா மலைப் பக்கம் ஐ.என்.ஏ நின்னுச்சு. ஏப்ரல் 24 நேதாஜி ரங்கூனை விட்டுக் கிளம்பறப்ப ஊர்ல கொள்ளை கொலை நடக்காம பார்த்துக்கச் சொல்லி ஆயிரக்கணக்கான ஐ.என்.ஏ ஆளுங்களை மேஜர் ஜெனரல் லோகநாதன்கிட்ட விட்டுட்டுப் போனாரு, நம்ம தமிழ் ஆளு, அடிப்படையில டாக்டர். பாட்டிகிட்ட "எங்க சண்டை போட்டாரு"ன்னு கேட்டா பதில் வராது, ஒம்பது பத்து வயசுக் குழந்தைக்கு அதெல்லாம் எப்படித் தெரியும். "கடைசியா வீட்டுக்கு வந்தப்ப மழைக்காலமா, வெயில் காலமா? கால்ல பூட்ஸ் இருந்துச்சா? என்ன சாப்பிட்டாரு? கூட யார் வந்தாங்க?" இப்படிக் கேளுங்க, ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. 91 வயசு, நாளைக்கு நாளைக்குன்னு தள்ளாதீங்க.

அப்புறம், ஐராவதிக்கு ஒரு கரையில அண்ணன் மறு கரையில தம்பின்னு ஒரு கதை உங்க மனசுல இப்ப ஓட ஆரம்பிச்சிருக்கும். நானே தேதியை எல்லாம் சொல்லி எண்ணெய் ஊத்திட்டேன். அப்படி நடந்திருக்கலாம், நடக்காமயும் இருந்திருக்கலாம். ஆதாரம் இல்லாம ஃப்ளெக்ஸ்ல போட்டுடாதீங்க, அப்புறம் உங்க பேரப்பிள்ளைங்க அதை சத்தியம்னு சொல்லித் திரியும்.

சித்தப்பாவுக்கு வரேன். அவர் பேசறதுல ஞாயமே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். நேதாஜி படையில போனவங்களை ரொம்ப வருஷம் துரோகின்னு சொன்னாங்க, பேர் வெட்ட ஒரு கல்லு இல்ல, அந்த வலி ஐ.என்.ஏ குடும்பங்களுக்கு உண்டு, சித்தப்பா அதைத்தான் பேசறாரு. ஆனா பெரியவரை சோத்துக்கு செத்தவருன்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். 1942ல இங்க இருந்து நடந்து போனவங்க நாலஞ்சு லட்சம் பேர், மலேரியா, காலரா, மழை, வழி நெடுக பொணம். அதுல பிழைச்சு கையில ஒண்ணும் இல்லாம அந்தப் பக்கம் போய் இறங்கின ஒரு இருபது வயசுப் பையன் சம்பளம் வாங்கி வீட்டுக்கு அனுப்பணும்னு பட்டாளத்துல சேர்ந்தா அது குத்தமா? இல்ல, தன்னைத் துரத்தினவனை திரும்பப் போய் அடிக்கணும்னு போயிருக்கலாம், தங்கச்சி இங்க மாட்டிகிட்டாளேன்னு போயிருக்கலாம், யாருக்குத் தெரியும். அந்தக் காலத்துல இந்தியப் பட்டாளத்துல 25 லட்சம் பேர் இருந்தாங்க, எல்லாரும் ஒரே மனசோடயா போனாங்க? சின்னவர் பக்கமும் அதே கணக்குதான், கொள்கைக்காகப் போனவங்க நிறைய பேர், ரயில் ரோட்டுக்குப் பிடிச்சுட்டுப் போயிடுவான்னு பயந்து போனவங்களும் உண்டு, என்கிட்ட அப்படிச் சொன்ன கிழவருங்க இருந்தாங்க. எந்த ரெஜிஸ்டர்ல பேர் இருக்குன்னு நான் தேடித் தர முடியும், எந்த மனசோட போனாருன்னு தேடித் தர முடியாது, சித்தப்பாவாலயும் முடியாது.

அவர்கிட்ட இதையெல்லாம் லெக்சர் மாதிரி பேச வேணாம். நம்ம ஊர்ப் பக்கம் பட்டவன் சாமி கும்பிடறது அவருக்குத் தெரிஞ்சிருக்கும். வெட்டுப்பட்டு செத்தவனுக்கு வேலியோரமா ஒரு கல்லை நட்டு பொங்கல் வைப்பாங்க, எந்த ராஜாவுக்காக வெட்டுப்பட்டான்னு பூசாரிகிட்ட கேட்டா அவருக்கே தெரியாது, வீட்டு ஆளுன்னு கும்பிடறாங்க, அவ்வளவுதான். அதை மட்டும் ஞாபகப்படுத்திட்டு, இலை போடணும்னு கேக்கறது பாட்டின்னு சொல்லுங்க. அப்பவும் முறைச்சா படத்தை ஒரே சுவத்துல மாட்டாம எதிரெதிர் சுவத்துல மாட்டுங்க, இலையை மட்டும் பாட்டி கையால பக்கத்துப் பக்கத்துல போடுங்க. ஒரு வீட்டுல இப்படித்தான் சமாதானம் பண்ணி வச்சேன், இப்ப அந்த படங்க எப்படியோ ஒரே சுவத்துக்கு வந்துடுச்சு.

நாள் விஷயம் சுலபம். பெரியவர் ரெக்கார்ட் கிடைச்சா செத்த தேதி அதுலயே இருக்கும், பழைய பஞ்சாங்கத்துல திதியை எடுத்துக் கொடுக்கச் சொல்லி உங்க கோவில் குருக்கள்கிட்ட கேளுங்க, அதுதான் அவர் நாள். திதி தெரியாதவங்களுக்கு புரட்டாசியில வர்ற மகாளய அமாவாசை, இது எல்லாருக்கும் தெரிஞ்சது. நிறைய பேருக்குத் தெரியாதது, அதுக்கு முந்தின நாள் சதுர்த்தசி ஆயுதத்தால செத்தவங்களுக்குன்னே ஒதுக்கின நாள். சண்டையில போனவங்களுக்கு அன்னைக்குப் பண்றதுதான் பொருத்தம்னு எனக்குப் படுது, ரெண்டு பேருக்கும் சேர்த்தே பண்ணலாம், குருக்கள் என்ன சொல்றாருன்னு பார்த்துக்குங்க. நவம்பர்ல தௌக்கியான்ல தூதரக ஆளுங்க எல்லாம் வந்து பாப்பிப்பூ வளையம் வைப்பாங்க, பார்க்கணும்னா பார்க்கலாம், ஆனா பாட்டியைக் கூட்டிட்டுப் போறதுன்னா வேற ஒரு நாள் காலையில போங்க, கூட்டம் இருக்காது, வெயிலும் சாய்வா விழும், எழுத்து நல்லாத் தெரியும். ரங்கூன்ல இருந்து ப்ரோம் ரோட்டுல 35 கிலோமீட்டர், ரோடு நிலைமை பார்த்துக் கிளம்புங்க. ஃபேஸ் நம்பரை வச்சு பேரைக் கண்டுபிடிச்சதும் விரலை தண்ணியில தொட்டு எழுத்து மேல தடவுங்க, கல்லு கருத்து பேர் பளிச்சுன்னு வரும், அப்ப ஃபோட்டோ எடுங்க. மாவு, சாக்பீஸ் தேய்க்காதீங்க. புல்லு மேல கற்பூரம் வேணாம், பூவும் ஒரு செம்பு தண்ணியும் போதும், அங்க தோட்ட வேலை பார்க்கறவங்க நல்லவங்க, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் பண்ணுங்க. பாட்டிக்குக் கை எட்டாத உயரத்துல பேர் இருந்தா ஒரு நாற்காலி கேளுங்க, ஏறி நிக்கறதுக்கு இல்ல, அவங்க உட்கார்ந்து பார்க்கறதுக்கு, நீங்க தொட்டுட்டு அந்தக் கையை அவங்க கையில வைங்க.

மெடலோட பின்பக்க ஃபோட்டோ நாலும், தாத்தாவோட அப்பா பேரும், இந்தியாவுல எந்த ஊர்னு தெரிஞ்சா அதுவும் எனக்கு அனுப்புங்க, காசு ஒண்ணும் வேணாம். அப்படியே பாட்டிகிட்ட ஒண்ணு கேட்டு எழுதுங்க, அண்ணன் ரெண்டு பேரையும் வீட்டுல என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாங்கன்னு. பட்டாளத்துல சேரும்போது வீட்டுப் பேரையே கொடுத்தவங்க நிறைய பேர் உண்டு.